எம்3-க்கு முன்னால் லியோனார்ட் வால்வெள்ளி: ஒரு விண்மீனை மறைத்துவிட்டதா?

கள்ளிக்காடு | 4 டிசம்பர் 2021, காலை 7:12

இங்கே அமெரிக்காவின் டூசானில் நேற்று விடியற்காலை எடுத்த படம் இது. சவாரோ கள்ளிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை எடுத்தேன். அமாவாசையை ஒட்டிய இரவு, ஒரு பொட்டு நிலவொளி கிடையாது. வடகிழக்கே லெம்மன் மலை கறுப்பாகத் தெரிந்தது. சி/2021 ஏ1 லியோனார்டை இந்த ஜனவரி 3-ஆம் தேதி கண்டுபிடித்தது அந்த மலைமேல் இருக்கும் 1.5 மீட்டர் தொலைநோக்கிதான். அப்போது அது வியாழன் சுற்றும் தூரத்தில் கிடந்த ஒரு புள்ளி. இப்போது பச்சைத் தலையும் வாலுமாக எம்3 கோளக் கொத்தை (விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம்) உரசிக்கொண்டு போகிறது.

கருவி: எட்டங்குல நியூட்டோனியன், குவியத் தூரம் 800 மி.மீ., 60 நொடி ஃப்ரேம்கள் எழுபத்திரண்டு.

படம் நன்றாக வந்ததில் சந்தோஷம். ஆனால் தலையைச் சொறிய வைக்கும் ஒன்று இருக்கிறது. படச்சட்டம் சரியாக அமைகிறதா என்று பார்க்க டிசம்பர் 1 அன்றே எம்3-ஐ எடுத்து வைத்திருந்தேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, கொத்தின் ஓரத்தில், வால்வெள்ளி இருந்த பக்கத்தில் ஒரு விண்மீன் (மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறேன்) நேற்று பாதிக்கும் மேல் மங்கிவிட்டது. ஒளித்தரத்தில் (விண்மீன்களின் பிரகாசத்தைச் சொல்லும் அளவுகோலில்) ஏறக்குறைய ஒன்று குறைவு. வால்வெள்ளியின் மங்கலான ஓரம் அதன்மேல் விழுந்திருந்தது. மறைத்துவிட்டதா? இப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மொட்டைமாடி | 4 டிசம்பர் 2021, காலை 8:05

அக்கா, வயிறு எரியுது! நவம்பர் முழுக்க மழை, இப்ப ஜாவத் புயல் மேகம். சென்னையில வானம்னு ஒன்னு இருக்கறதே மறந்துபோச்சு. 3-ஆம் தேதி காலைல அஞ்சு மணிக்கு மொட்டை மாடியில நின்னேன். கிழக்கு வடகிழக்குல முப்பது பாகை உயரத்துல ஒரு பத்து நிமிஷம் மேகம் விலகிச்சு. 10x50 பைனாகுலர்ல ரெண்டு பஞ்சுத் துணுக்கு தெரிஞ்சுது. எது வால்வெள்ளி, எது கொத்துன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. சிரிக்காதீங்க.

உங்க கேள்விக்கு: மறைச்சிருக்கும்! முன்னாடி ஒரு பொருள் போனா பின்னாடி இருக்கறது மறையத்தானே செய்யும்?

பழைய_கண்ணாடி | 4 டிசம்பர் 2021, காலை 9:40

தம்பி மொட்டைமாடி, உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியேவுக்கே அந்தத் தொல்லை இருந்தது. வால்வெள்ளி தேடுகிறவன் இப்படிப்பட்ட பஞ்சுத் துணுக்குகளைப் பார்த்து ஏமாறக்கூடாது என்றுதான் அவர் பட்டியலே போட்டார். எம்3-ஐ 1764 மே 3 அன்று கண்டார். அவருடைய பட்டியலில் அவரே முதன்முதலில் கண்டுபிடித்தது அதுதான். அவர் கண்ணுக்கு அது விண்மீன் எதுவும் இல்லாத மங்கல் வட்டம். அதற்குள் விண்மீன்கள் இருக்கின்றன என்று இருபது வருடம் கழித்து ஹெர்ஷல் பிரித்துப் பார்த்தார். ஏமாற்றும் பஞ்சும் அசல் வால்வெள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றால் நீ குழம்பாமல் என்ன செய்வாய்.

இப்போது கணக்குக்கு வருவோம். அன்று வால்வெள்ளி நம்மிடமிருந்து ஆறு, ஏழு கோடி கி.மீ. தூரத்தில் இருந்தது. எம்3 இருப்பது 34,000 ஒளியாண்டு தூரத்தில். இரண்டுக்கும் விகிதம் ஏறக்குறைய 500 கோடி மடங்கு. வால்வெள்ளியை உன் கண்ணிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் வைத்தால், கொத்தை 5,000 கி.மீ.க்கு அப்பால் வைக்கவேண்டும். கன்னியாகுமரியிலிருந்து தில்லி போய்த் திரும்பும் தூரம். உரசுவது எல்லாம் நம் கண்ணில்தான்.

மறைப்பதற்கு அங்கே கெட்டியாக என்ன இருக்கிறது? உட்கரு மட்டும்தான். லியோனார்டின் உட்கரு ஒரு கிலோமீட்டர் அளவு. அத்தனை தொலைவில் இருக்கும் விண்மீனின் ஒளியில் அந்தக் கருவின் நிழல் பூமியில் விழுந்தால், அதுவும் ஒரு கிலோமீட்டர் அகலப் பட்டைதான். அம்மணி வண்டி நிறுத்திய இடத்தின்மேல் அது சரியாக ஓடியிருக்கவேண்டும். ஓடியிருந்தாலும், வால்வெள்ளி குறுக்காக நகர்ந்த வேகம் நொடிக்கு 40 கி.மீ. அளவு. ஆக மறைப்பு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம். 60 நொடி ஃப்ரேமில் அது தெரியவே தெரியாது.

சதுரக்கட்டம் | 4 டிசம்பர் 2021, மதியம் 1:18

நான் கெட்டவன் வேஷம் போடுகிறேன், மன்னிக்கணும் அக்கா.

அந்தப் படத்தில் வால்வெள்ளியும் கூர்மை, விண்மீன்களும் கூர்மை. ஒன்றரை மணி நேரம் எடுத்த படத்தில் இயற்கையாக அப்படி வராது. நாளைக்கு மூன்று பாகைக்கு மேல் ஓடுகிற பொருள் அது. ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுக் கோண நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்) நகர்ந்துவிடும். 60 நொடி ஃப்ரேம் ஒவ்வொன்றிலுமே தலை ஏழெட்டுக் கோண நொடி இழுபட்டிருக்கும். ஆக நீங்கள் இரண்டு முறை ஸ்டாக் பண்ணி (ஃப்ரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து) ஒட்டியிருக்கிறீர்கள்: விண்மீன்களை நிறுத்தி ஒன்று, வால்வெள்ளியை நிறுத்தி இன்னொன்று. சரிதானே?

வால்வெள்ளியை நிறுத்தி ஸ்டாக் செய்யும்போது விண்மீன்கள் எல்லாம் கோடாக ஓடும். அந்தக் கோடுகளைத் துடைக்க மென்பொருள் சராசரிக்கு ஒத்துவராத புள்ளிகளை வெட்டி எறியும். அந்த வெட்டில் எச்சம் மிஞ்சும். பிறகு இரண்டையும் கலக்கும்போது ஒரு விண்மீன் ஊதிப்போகலாம், ஒன்று கரைந்துபோகலாம். என் படங்களில் நான் பலமுறை விண்மீன்களைத் தின்றிருக்கிறேன். ஒட்டுப்படத்தை வைத்துக்கொண்டு ஒளி அளக்கக்கூடாது. ரா ஃபைலை, ஒட்டுவதற்கு முந்தைய அசல் ஃப்ரேம்களை, காட்டுங்கள்.

கள்ளிக்காடு | 4 டிசம்பர் 2021, மாலை 6:50

கெட்டவன் வேஷம் எல்லாம் இல்லை, கேட்டது நியாயம். ஆமாம், ஒட்டுப்படம்தான். முதல் பதிவிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

தூங்கப் போகாமல் உட்கார்ந்து, ஒட்டாத ஃப்ரேம்கள் எழுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த விண்மீன் மங்கலாகவே இருக்கிறது. முதல் ஃப்ரேமிலும் மங்கல், கடைசி ஃப்ரேமிலும் மங்கல். ஆக மென்பொருள் தின்னவில்லை. பழைய_கண்ணாடி சார் சொன்ன உட்கரு மறைப்பும் இல்லை, அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையே. பத்து ஃப்ரேம்களை ஏற்றியிருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

மொட்டைமாடி | 4 டிசம்பர் 2021, இரவு 7:15

அப்ப தலையைச் சுத்தி இருக்கற கோமா? அது லட்சக்கணக்கான கிலோமீட்டர் விரிஞ்சிருக்குன்னு சொல்றாங்களே. அவ்ளோ பெரிய புகை மூட்டம் ஒரு விண்மீனை மங்க வைக்காதா? தூமகேதுன்னு பேர் வச்சவங்க புகைன்னு சொல்லித்தானே வச்சாங்க.

பழைய_கண்ணாடி | 4 டிசம்பர் 2021, இரவு 9:02

பெயர் புகை, ஆனால் அடுப்புப் புகையைக் கற்பனை செய்துகொள்ளாதே. நம் ஆய்வுக்கூடங்களில் வெற்றிடம் என்று சொல்லி உறிஞ்சி எடுக்கும் குடுவைக்குள் இருப்பதைவிட, கோமாவின் பெரும்பகுதி மெலிது.

1835-இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பெஸ்ஸல் அதன் உட்கருவுக்கு மிக அருகே ஒரு விண்மீன் வந்ததை அளந்தார். ஒளி வளைந்திருந்தால் அங்கே அடர்ந்த வாயு இருக்கிறது என்று அர்த்தம். வளையவில்லை. 1910 மே மாதம் அதே ஹாலி சூரியனுக்கு நேர் முன்னாலேயே கடந்தது. ஹவாயில் எல்லர்மன் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சூரியத் தட்டின்மேல் ஒரு தூசுக்கறைகூடத் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் வால்வெள்ளியின் விஷவாயு பூமியைக் கொன்றுவிடும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தது, அது வேறு கதை.

முற்றிலும் ஒன்றுமே மறைக்காது என்றும் சொல்லமாட்டேன். ரொசெட்டா விண்கலம் 67பி வால்வெள்ளியின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, கருவை ஒட்டி வந்த விண்மீன்களின் புறஊதா ஒளியில் நீராவி உறிஞ்சிய தடத்தை அளந்திருக்கிறார்கள். அது கருவுக்கு வெகு அருகில், புறஊதாவில், பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தது. அம்மணியின் விண்மீன் கோமாவின் விளிம்பில் கிடக்கிறது. பாதி வெளிச்சம் போவதற்கு வழியே இல்லை.

ஒன்று மட்டும் சரிபார்க்கலாம். கோமா மறைக்காது, ஆனால் தானே ஒளிரும். பின்னணி வெளுத்துவிட்டால் மங்கலான விண்மீன் இன்னும் மங்கலாகத் தோன்றும். பின்னணியைக் கழித்துவிட்டுத்தானே அளந்தீர்கள்?

கள்ளிக்காடு | 4 டிசம்பர் 2021, இரவு 9:30

கழித்துவிட்டேன் சார். கழித்த பிறகுதான் ஒன்று குறைகிறது.

நெய்தல் | 5 டிசம்பர் 2021, காலை 6:20

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்கயும் மூண்டு நாளா ஒரே முகில், அதால உங்கட இழையை வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். எனக்குத் தொலைநோக்கியும் இல்லை, கணக்கும் அவ்வளவா வராது. ஒரு சின்னக் கேள்வி அக்கா.

அந்த அம்புக்குறி வெள்ளிக்குப் பக்கத்தில வேற வெள்ளியளும் கிடக்குதே. வால்வெள்ளியின்ர புகை அந்த இடம் முழுக்கத்தானே இருந்திருக்கும். அவையும் மங்கினதோ, இல்லாட்டி இது ஒண்டு மட்டுமோ?

சதுரக்கட்டம் | 5 டிசம்பர் 2021, காலை 8:44

நெய்தல், கணக்கு வராது என்று இனிமேல் எங்கேயும் சொல்லாதீர்கள். நாங்கள் மூன்று பேர் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

அக்கா ஏற்றிய பத்து ஃப்ரேமையும் டிசம்பர் 1 படத்தையும் எடுத்து, அதைச் சுற்றி இருக்கும் பதினொரு விண்மீன்களை அளந்தேன். பதினொன்றும் அப்படியே இருக்கின்றன. வால்வெள்ளிக்கு இன்னும் அருகில் இருந்த மூன்றும் மாறவில்லை. மங்கியது அது ஒன்று மட்டும்.

ஆக முன்னால் போனது எதுவும் காரணம் இல்லை. அந்த விண்மீனே மங்கியிருக்கிறது.

பழைய_கண்ணாடி | 5 டிசம்பர் 2021, காலை 10:15

என் தலையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும். வால்வெள்ளியைப் பற்றி அவ்வளவு பேசினேன், எம்3-ஐப் பற்றி யோசிக்கவே இல்லை.

மாறொளி விண்மீன்கள் மிக அதிகமாகத் தெரிந்திருக்கும் கோளக் கொத்துகளில் எம்3 ஒன்று. 270-க்கு மேல். முதலாவதை 1889-இல் பிக்கரிங் கண்டார். அதன் பிறகு ஹார்வர்டின் சோலன் பெய்லி கண்ணாடித் தட்டுகளை உருப்பெருக்கியில் வைத்துத் தேடி நூற்றுக்கும் மேல் பிடித்தார். இப்போது அக்காவும் சதுரக்கட்டமும் திரையில் செய்ததை அந்த மனிதர் கண்ணால் செய்தார்.

இவற்றில் பெரும்பாலானவை ஆர்.ஆர். லைரே வகை. வயதான விண்மீன்கள். சூரியனைப்போல நாற்பது, ஐம்பது மடங்கு ஒளி. உள்ளே வெப்பம் அடைபட்டு, வெளியேறி, மறுபடி அடைபட்டு, ஊதுலைத் துருத்தி மாதிரி விரிந்து சுருங்கும். ஒரு சுற்றுக்கு அரை நாள் அளவு. இறங்கும்போது நிதானமாக இறங்கும், ஏறும்போது ஒன்றிரண்டு மணி நேரத்தில் விறுவிறு என்று ஏறிவிடும். ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு ஒளித்தரம். அம்மணி சொன்ன அளவேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வகை விண்மீன்களின் உண்மை ஒளி ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். நான் நேற்று 34,000 ஒளியாண்டு என்று பெரிதாகச் சொன்னேனே, அந்த எண்ணைத் தந்ததில் இந்தத் துருத்திகளுக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் இன்னும் ஊகம்தான். வால்வெள்ளி தாண்டிப் போய்விட்டது. அம்மணி, முடிந்தால் வெறும் எம்3-ஐ மட்டும் திரும்ப எடுங்கள். மறுபடி ஏறி இறங்கினால் ஆள் பிடிபட்டான்.

மொட்டைமாடி | 5 டிசம்பர் 2021, காலை 10:31

துப்பறியும் கதை மாதிரி போகுது. கொலைகாரன்னு நெனச்சவன் வெறும் வழிப்போக்கன்!

கள்ளிக்காடு | 7 டிசம்பர் 2021, காலை 8:40

எடுத்துவிட்டேன். இரண்டு விடியற்காலை.

5-ஆம் தேதி அந்த விண்மீன் நடுத்தரமாக இருந்தது. 3-ஐவிடப் பளிச், 1-ஐவிட மங்கல். அதைப் பார்த்தபோதே பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் நேரில் பார்க்கவேண்டும் என்று இன்று (இங்கே இன்னும் 6-ஆம் தேதிதான்) காலை மூன்று மணிக்கே போய்விட்டேன். நல்ல குளிர். ஃபிளாஸ்கில் இருந்த காபி முதல் அரை மணியிலேயே தீர்ந்துபோனது.

நாலு மணிக்கு மங்கல். நாலரைக்கும் மங்கல். நாலே முக்காலுக்கு ஏதோ மாறுகிறமாதிரி இருந்தது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். ஐந்தே காலுக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தரைக்கு, பக்கத்தில் இருந்த விண்மீனை ஒளியில் தாண்டிவிட்டது. பிறகு கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. அதுவரை எடுத்தவற்றை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், வாசலில் யாரோ விளக்குத் திரியைத் தூண்டிவிடுவது போல இருக்கிறது. இத்தனைக்கும் வால்வெள்ளி அந்த நேரம் சுவாதி நட்சத்திரத்தின் பக்கம் போய்விட்டிருந்தது.

பழைய பட்டியல்களோடு இடத்தை ஒப்பிட்டேன். பதிவான மாறொளி விண்மீன்தான். சுற்றுக் காலம் பதின்மூன்றரை மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

சதுரக்கட்டம் | 7 டிசம்பர் 2021, காலை 9:25

அருமை அக்கா. ஒன்றைக் கவனித்தீர்களா? 3-ஆம் தேதி ஒன்றரை மணி நேரம் எடுத்தும் அது மாறாமல் மங்கலாகவே இருந்தது. இறங்கிக் கிடந்த நேரம். அன்றைக்கே ஏறியிருந்தால் முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கும், இந்த இழையே இருந்திருக்காது.

ஒட்டுப்படம் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அழகுக்கு ஒட்டுங்கள், நானும் ஒட்டுகிறேன். வால்வெள்ளி ஓடும், கொத்து நிற்கும், ஒரே படத்தில் இரண்டும் நன்றாகத் தெரிய வேறு வழி இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே "இரண்டு ஸ்டாக்" என்று ஒரு வரி போடுங்கள். இந்த ஒரு வாரத்தில் இணையத்தில் பார்த்த லியோனார்ட்–எம்3 படங்கள் பலவற்றில் அந்த ஒரு வரி இல்லை.

பழைய_கண்ணாடி | 7 டிசம்பர் 2021, காலை 11:00

அந்த ஒரு வரியை நானும் வழிமொழிகிறேன்.

மொட்டைமாடி தம்பி, மேகம் விலகினால் 12-ஆம் தேதி வரை விடியலில் தேடு. அன்று பூமிக்கு மிக அருகே, மூன்றரைக் கோடி கி.மீ. வரை வரும். ஆனால் நாளுக்கு நாள் சூரியனை நோக்கிச் சரிகிறது, அடிவானத்துக்குப் பக்கம் கட்டடம் இல்லாத இடமாகப் பார். அதன் பிறகு மாலை வானத்துக்குப் போய்விடும்.

மொட்டைமாடி | 2 ஏப்ரல் 2022, இரவு 11:20

பழைய இழையைத் தூசு தட்டறேன். லியோனார்ட் உடைஞ்சு போச்சாமே? ஜனவரி 3 அன்னிக்கு, கண்டுபிடிச்சு சரியா ஒரு வருஷத்துல சூரியனைச் சுத்திட்டு வந்ததாம். இப்ப எடுக்கற படத்துல தலையே இல்லையாம், வெறும் மங்கல் கீற்று மட்டும்தானாம்.

நான் அத டிசம்பர்ல அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் பார்க்கவே இல்ல. இன்னிக்குத்தான் வானம் நல்லா இருக்கு. மாடியில நிக்கறேன், வடகிழக்குல பைனாகுலர்ல ஒரே ஒரு பஞ்சு. இப்பதான் தெரியுது, அன்னிக்கு ரெண்டுல எது எதுன்னு.

கள்ளிக்காடு | 3 ஏப்ரல் 2022, காலை 7:45

உடைந்தது உண்மைதான் தம்பி. அடுத்த முறை என்று ஒன்று இருந்திருக்காது, உடையாவிட்டாலும் அது சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறும் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் எம்3-ஐ விடவில்லை. இதுவரை பத்தொன்பது இரவுகள். அந்த விண்மீனின் ஒளி வரைபடத்தில் ஏறுமுகம் நன்றாக நிரம்பிவிட்டது, இறங்குமுகத்தில்தான் நடுவே பெரிய ஓட்டை. நாளை அதிகாலை இரண்டு மணிக்கு அந்தப் பகுதி வருகிறது. காபி இந்த முறை இரண்டு ஃபிளாஸ்க்.